தேசாதிபதியின் கட்டளையும் நீதிமன்றின் வினாவும்

மதுரை மாநகரிலே கோவலன் வெட்டுண்ட கதையைத் தமிழ் மக்கள் யாவரும் அறிவர். பாண்டியனிடத்திலே சட்டம் இல்லாமற் போகவில்லை. களவுக்குத் தண்டம் உண்டு. தண்டிக்கும் அதிகாரமும் அரசனுக்கு உண்டு. ஆயினும், குற்றஞ் சாட்டப்பட்டவனைத் தன்முன் கொணர்வித்து, "நீ சொல்வது யாது?" என்று ஒருமுறை கேட்க அவன் தவறினான். பொற்கொல்லன் கூறிய சொல்லே சாட்சியாயிற்று. அரசனின் வாய்மொழியே தீர்ப்பாயிற்று. கேட்கவேண்டிய கேள்வியைக் கண்ணகி அரண்மனை வாயிலில் வந்து கேட்டபோது கோவலன் உயிரோடிருக்கவில்லை. உண்மை புலப்பட்டதும் பாண்டியன் அரியணையிலே வீழ்ந்து உயிர் நீத்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. அவன் நேர்மையுள்ள அரசனே. ஆனால், அந்த நேர்மை கோவலனைக் காப்பதற்குப் போதவில்லை.

ஆளுவோருடைய நேர்மையை மாத்திரம் நம்பியிராது, அவர்களைக் கேள்வி கேட்பதற்கு ஓர் ஒழுங்கை முன்கூட்டியே வகுத்து வைப்பது அரசியலமைப்பு ஆட்சியின் அடிப்படையாகும். அத்தகைய ஒழுங்குகளுள் மிகப் பழையனவற்றில் ஒன்று ஆட்கொணர்வு எழுத்தாணை. ஒருவன் மறித்து வைக்கப்பட்டால், அவனோ அவன் சார்பில் வேறொருவரோ நீதிமன்றிலே விண்ணப்பிக்கலாம். நீதிமன்று, மறித்து வைத்தவரை நோக்கி, "அவ்வாளை எம்முன் கொணர்க, எந்தச் சட்டத்தின்படி அவனை மறித்தீர் என்பதைக் கூறுக" என்று ஆணையிடும். தக்க விடை வருமாயின் காவல் தொடரும். வராதாயின் காவற்கதவு திறக்கப்படும். மறித்தவர் சாதாரண காவலராயினும், நாட்டின் அதிபதியாயினும் இந்த வினாவுக்கு விடை கூறியே ஆகவேண்டும்.

இங்கிலாந்திலே ஜோன் மன்னன் 1215 ஆம் ஆண்டில் உடன்பட்ட மகா சாசனம், சுதந்திர மனிதர் எவரையும் நாட்டின் சட்டப்படியன்றிச் சிறைப்படுத்தலாகாது என்று விதித்தது. அவ்விதியை நடைமுறையிலே நிலைநாட்டும் கருவியாக ஆட்கொணர்வு எழுத்தாணை காலப்போக்கில் வளர்ந்தது. 1679 ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. இலங்கையிலே 1889 ஆம் ஆண்டின் நீதிமன்றங்கள் கட்டளைச்சட்டம் இவ்வெழுத்தாணையை வழங்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றுக்கு அளித்திருந்தது. ஏட்டிலே நெடுங்காலம் இருந்த இவ்வதிகாரம், நாட்டு மக்கள் யாவரும் வியந்து நோக்கும்படி 1937 ஆம் ஆண்டில் ஒருமுறை பயன்பட்டது. அந்த வழக்கு ஒரு தேயிலைத் தோட்டத்திலே தொடங்கியது.

அக்காலத்து ஆட்சிமுறையை முதலில் நோக்குதல் வேண்டும். சட்டம் ஆக்குவோர், அதனை நடத்துவோர், அதன்படி நீதி வழங்குவோர் ஆகிய முத்திறத்தாரின் அதிகாரமும் ஒருவர் கையிற் சேருமிடத்தில் மக்களுக்குச் சுதந்திரம் இராது என்று பிரெஞ்சு அறிஞர் மொண்டெஸ்கியூ 1748 ஆம் ஆண்டில் எழுதினார். குடியேற்ற நாடுகளிலோ தேசாதிபதி ஒருவரிடமே பெரும்பான்மை அதிகாரமும் குவிந்திருந்தது. 1931 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியற்றிட்டம் இதனை ஓரளவு மாற்றியது. 21 வயதடைந்த ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. தோட்டத் தொழிலாளருக்கு மாத்திரம் வதிவு பற்றிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அரசாங்க சபைக்கு 50 பேர் மக்களால் தெரிவுசெய்யப்பட்டனர். ஏழு நிருவாகக் குழுக்களும் அவற்றின் தலைவர்களாகிய அமைச்சர்களும் உள்நாட்டு அலுவல்களைக் கவனித்தனர். ஆயினும், தேசாதிபதிக்கென ஒதுக்கப்பட்ட விசேட அதிகாரங்கள் பல எஞ்சியிருந்தன. அவர் அரசாங்க சபைக்குப் பொறுப்புடையவரல்லர். இலண்டனிலுள்ள குடியேற்ற நாட்டு மந்திரிக்கே பொறுப்புடையவர்.

1937 இல் தேசாதிபதியாக விளங்கியவர் சேர் எட்வேட் ஸ்டப்ஸ். இலங்கை அவருக்குப் புதிய நாடன்று. 1913 முதல் 1919 வரை இங்கே குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பணியாற்றியவர் அவர். அக்காலத்தின் நடுவிலேதான் 1915 ஆம் ஆண்டுக் கலவரமும் படைத்துறைச் சட்டமும் நிகழ்ந்தன. சாதாரண நீதிமன்றுகளுக்குப் புறம்பாக விசாரணைகள் நடந்தன. அவ்வாறு தண்டிக்கப்பட்ட ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் அவ்வாண்டு யூலை 7 ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிருபண சபையிலே இக்கொடுமைகளை எடுத்துரைத்தார். இலண்டன் சென்று வாதாடினார். ஆயினும் படைத்துறைச் சட்டக் காலத்திலே புரியப்பட்ட செயல்களுக்காக எவரையும் வழக்கிலே நிறுத்தமுடியாதவாறு அதே ஆண்டில் காப்பீட்டுக் கட்டளையொன்று பிறப்பிக்கப்பட்டது. "எந்தச் சட்டத்தின்படி?" என்ற வினா அன்று எழாமலே அடங்கிற்று.

இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் அவ்வினாவை எழுப்பியது மார்க் அந்தனி பிறேஸ்கேடில் என்னும் வெள்ளை இளைஞரின் வழக்கு. இலண்டனிலே 1912 இற் பிறந்து, தாயாரோடு அவுஸ்திரேலியா சென்று வளர்ந்த அவர், தேயிலைத் தோட்டத் தொழிலைப் பயில்வதற்காக 1936 இல் இலங்கைக்கு வந்தார். மடுல்கலையிலுள்ள றெலுகாஸ் தோட்டத்திலே பயிற்சிச் சின்னத்துரையாக அமர்ந்தார். துரைமார் குன்றின் உச்சியிலுள்ள பங்களாவிலும், தொழிலாளர் அடிவாரத்திலுள்ள லயன் காம்பறாக்களிலும் வாழ்ந்த காலம் அது. இரண்டிற்கும் இடையே இருந்த தூரத்தைக் கடக்க எவரும் துணிவதில்லை. பிறேஸ்கேடில் அதனைக் கடந்தார். தொழிலாளரோடு நெருங்கிப் பழகினார். அவர்களது குறைகள் நியாயமானவை என்று கருதி அவர்கள் பக்கம் நின்றார். தோட்ட நிருவாகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பிச் செல்ல அவர் உடன்படவில்லை. 1935 டிசம்பரில் தோன்றியிருந்த லங்கா சமசமாசக் கட்சியிற் சேர்ந்து தொழிலாளர் கூட்டங்களிலே பேசலானார்.

1937 ஏப்பிரில் 3 ஆந் திகதி நாவலப்பிட்டியிலே ஒரு பெருங்கூட்டம் நடைபெற்றது. இந்திய விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த கமலாதேவி சட்டோபாத்தியாய அதிலே கலந்துகொண்டார். சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்து ஏறக்குறைய ஈராயிரம் தொழிலாளர் திரண்டிருந்தனர். கலாநிதி என். எம். பெரேரா வெள்ளைத் தோழர் ஒருவரைப் பேச அழைத்தபோது, "சாமி, சாமி" என்ற முழக்கம் எழுந்தது. குன்றின் மேலுள்ள வெள்ளைப் பங்களாக்களைச் சுட்டிக்காட்டி, அவற்றிலே வாழ்வோரின் செல்வம் யாருடைய உழைப்பினால் வந்தது என்று பிறேஸ்கேடில் பேசினார். கறுப்பர் ஒருவர் அவ்வாறு பேசியிருந்தால் அது கிளர்ச்சிப் பேச்சுகளுள் ஒன்றாகக் கழிந்திருக்கும். பேசியவர் துரைமாரின் இனத்தவர். தோட்டத்தின் உள்விவகாரங்களைக் கண்கூடாக அறிந்தவர். தோட்ட முதலாளிகளுக்கு அதுவே பெரும் அச்சத்தை உண்டாக்கிற்று.

மூன்று வாரங்கள் கழியுமுன்னர், ஏப்பிரில் 22 ஆந் திகதி, பிறேஸ்கேடிலிடம் தேசாதிபதியின் கட்டளையொன்று கையளிக்கப்பட்டது. ஏப்பிரில் 24 ஆந் திகதி மாலை 6 மணிக்குள் 'மூல்தான்' என்னும் கப்பலில் ஏறி இலங்கையை விட்டு நீங்கவேண்டும் என்பது கட்டளை. அவர்மீது எந்த நீதிமன்றிலும் வழக்குத் தொடரப்படவில்லை. எந்தக் குற்றத்தையும் அவர் செய்ததாக எந்த நீதிபதியும் தீர்ப்பளிக்கவில்லை. தம் பக்கத்து நியாயத்தை எடுத்துரைக்க அவருக்கு வாய்ப்பும் அளிக்கப்படவில்லை. 1896 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு பிறப்பித்த கட்டளையொன்று தமக்கு அதிகாரம் அளிக்கின்றது என்பதே தேசாதிபதியின் நிலை. நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஓர் ஆவணத்தின் வலிமையினால், ஒரு கையொப்பம் ஒரு மனிதனை நாட்டிலிருந்து அகற்ற முடியுமா என்பதே எழுந்த பிரச்சினை.

கப்பல் புறப்பட்டது, பிறேஸ்கேடில் அதில் இல்லை. அவர் தலைமறைவாகிவிட்டார். கட்சித் தலைவர்கள் அவரை மறைத்து வைத்தனர். மே தின ஊர்வலத்திலே, "எங்களுக்குப் பிறேஸ்கேடில் வேண்டும், ஸ்டப்ஸை நாடு கடத்துக" என்ற வாசகங்கள் தாங்கிச் செல்லப்பட்டன. மே 5 ஆந் திகதி அரசாங்க சபையிலே தேசாதிபதியின் செயலைக் கண்டிக்கும் பிரேரணை விவாதிக்கப்பட்டது. பொலீசு உள்நாட்டு அமைச்சின் பொறுப்பிலுள்ள பகுதி. அவ்வமைச்சரின் ஆலோசனையைப் பெறாமலே நாடு கடத்தும் கட்டளை பிறப்பிக்கப்பட்டது என்பது உறுப்பினர்களின் முறைப்பாடு. இடதுசாரிகள் கொண்டுவந்த பிரேரணைக்கு, அவர்களது கொள்கையை ஏற்காத உறுப்பினர்கள் பலரும் ஆதரவளித்தனர். சார்பாக 34 பேரும் எதிராக 7 பேரும் வாக்களித்தனர்.

அதே நாளிற் காலிமுகத்திடலிலே கூடிய கூட்டம் ஐம்பதினாயிரம் பேர் கொண்டது என்று கணிக்கப்பட்டது. கொல்வின் ஆர். டி சில்வா தலைமை தாங்கினார். ஏ. ஈ. குணசிங்க, எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்கா முதலிய வெவ்வேறு கட்சியினர் ஒரே மேடையிலே பேசினர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் தந்தையாகிய ஹண்டி பேரின்பநாயகமும், மலையகத் தொழிற்சங்கத்தின் முன்னோடி கோ. நடேசையரின் மனைவி மீனாட்சி அம்மையாரும் அம்மேடையிலே இருந்தனர். கூட்டம் நடந்துகொண்டிருக்கையிற் பிறேஸ்கேடில் திடீரென மேடையிலே தோன்றினார். அத்துணைப் பெருங்கூட்டத்தின் நடுவே அவரைக் கைதுசெய்யப் பொலீசாரால் இயலவில்லை.

ஈண்டு ஒரு விடயத்தை ஊன்றி நோக்குதல் தகும். மக்களின் பிரதிநிதிகள் பெரும்பான்மையாற் கண்டித்தனர். தலைநகரின் திடலிலே ஐம்பதினாயிரம் பேர் கண்டித்தனர். இரண்டினாலும் தேசாதிபதியின் கட்டளையில் ஓர் எழுத்தையேனும் அழிக்க முடியவில்லை. சபையின் கண்டனத்துக்குத் தேசாதிபதியைக் கட்டுப்படுத்தும் வலிமையை அரசியற்றிட்டம் வழங்கியிருக்கவில்லை. மக்கள் கருத்து எத்துணைப் பலமுடையதாயினும், அது பாய்ந்து செல்வதற்குச் சட்டம் வாய்க்கால் வெட்டி வைத்திராவிடின் கரையிலே மோதித் திரும்பிவிடுகின்றது. அன்று திறந்திருந்த வாய்க்கால் ஒன்றே, அது நீதிமன்று.

சில நாட்களின் பின்னர்ப் புதுக்கடையிலே, கட்சிச் செயலாளரும் வழக்கறிஞருமாகிய வெர்னன் குணசேகராவின் இல்லத்திற் பிறேஸ்கேடில் கைதுசெய்யப்பட்டார். ஆட்கொணர்வு எழுத்தாணைக்கான ஆயத்தங்கள் அதற்கு முன்னரே முடிந்திருந்தன. விண்ணப்பம் உயர் நீதிமன்றிலே தாக்கல் செய்யப்பட்டது. பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ், நீதியரசர் மார்டென்ஸ், நீதியரசர் சோட்ஸ் ஆகிய மூவர் விசாரணைக்கு அமர்ந்தனர். குடியியல் வழக்குகளிலே நாட்டின் தலைசிறந்த நியாயவாதி எனப் புகழ்பெற்ற எச். வி. பெரேரா ஊதியம் பெறாது பிறேஸ்கேடிலுக்காகத் தோன்றினார்.

அரசுத் தரப்பின் வாதம் எளியது. கட்டளை தேசாதிபதிக்கு அதிகாரம் அளிக்கின்றது. அதனை எப்போது பயன்படுத்துவது என்பது அவருடைய தற்றுணிபைப் பொறுத்தது. அதை ஆராய்வது நீதிமன்றின் வேலையன்று. இவ்வாதத்தை ஏற்றுக்கொண்டால் நீதிமன்று செய்யவேண்டியது கையொப்பம் உண்மையானதா என்று பார்ப்பது மாத்திரமே. அதன்பின்னர் நாட்டிலுள்ள எவரையும், எக்காலத்திலும், எக்காரணத்தாலும் ஒரு தேசாதிபதி நாடு கடத்தலாம். பிறேஸ்கேடில் பொதுவுடைமையாளர் என்பதனால் அவருக்கு நேர்ந்தது, நாளை மற்றொருவருக்கு வேறு காரணத்தால் நேரலாம்.

நீதியரசர்கள் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 1896 ஆம் ஆண்டுக் கட்டளையை முழுமையாக எடுத்து, அது எந்நோக்கத்திற்காக ஆக்கப்பட்டது என்று ஆராய்ந்தனர். போர், கலகம் போன்ற அவசர நிலைமைகளிலே நாட்டைக் காப்பதற்காக அளிக்கப்பட்ட அதிகாரம் அது. அமைதி நிலவும் காலத்திலே, ஒருவர் தமக்குரிய பேச்சுச் சுதந்திரத்தைப் பயன்படுத்தினார் என்பதற்காக அவ்வதிகாரத்தைப் பிரயோகித்தல் ஆகாது. நீதிமன்றின் செயன்முறையின்றி எவரது சுதந்திரமும் பறிக்கப்படலாகாது என்பது மகா சாசனத்திலிருந்து வரும் அடிப்படை விதி என்று பிரதம நீதியரசர் சுட்டினார். ஆறாண்டுகளுக்கு முன்னர், நைஜீரியாவிலே எசுக்பாயி எலேகோ என்னும் லாகோஸ் நகரத் தலைவர் நாடு கடத்தப்பட்ட வழக்கிலே கோமறைக் கழகம் கூறியதும் ஆதாரமாயிற்று. நிருவாகத் துறையினர் ஒருவருடைய சுதந்திரத்திலே தலையிட்டால், அச்செயல் சட்டத்துக்கு அமைந்தது என்று நீதிமன்றிலே நிலைநாட்டக் கடமைப்பட்டவர் என்பது அத்தீர்ப்பின் கருத்து. மே 18 ஆந் திகதி பிறேஸ்கேடில் விடுதலை செய்யப்பட்டார்.

ஆபிரிக்கத் தலைவர் ஒருவரின் வழக்கிலே வகுத்த விதி, அவுஸ்திரேலியாவில் வளர்ந்த ஆங்கிலேயர் ஒருவரை இலங்கையிலே விடுவித்தது. தீர்ப்பளித்த மூவருக்கும் பொதுவுடைமைக் கொள்கையோடு தொடர்பு எதுவுமில்லை. பிறேஸ்கேடில் நாவலப்பிட்டியிலே பேசியது சரியா பிழையா என்று அவர்கள் கூறவுமில்லை. "எந்தச் சட்டத்தின்படி?" என்ற ஒரே வினாவுக்குத் தேசாதிபதியிடம் தக்க விடை இருக்கவில்லை என்று மாத்திரம் கூறினர். பிறேஸ்கேடில் பின்னர்த் தம் விருப்பப்படியே இலங்கையை விட்டு இங்கிலாந்து சென்றார்.

கதை இத்துடன் முடிந்தால் அது வெற்றிக் கதை. ஆயின், நாவலப்பிட்டிக் கூட்டத்திலே பேசியவருக்கு நேர்ந்ததைக் கூறிவிட்டுக் கேட்டவர்களுக்கு நேர்ந்ததைக் கூறாதொழிந்தால் வரலாறு பாதியாகும். "சாமி, சாமி" என்று முழங்கிய அத்தொழிலாளர், தென்னிந்தியாவிலிருந்து கோப்பிக்காலத்திலும் தேயிலைக்காலத்திலும் வந்தவர்களும் அவர்களுடைய மக்களுமாவர். 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டோர் 7 இலட்சத்து 80 ஆயிரம். அவர்களுள் வாக்குரிமை பெற்றிருந்தோர் 1947 ஆம் ஆண்டுத் தேர்தலிலே தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர்.

1948 பெப்புருவரி 4 ஆந் திகதி இலங்கை சுதந்திரம் அடைந்தது. அவ்வாண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. இலங்கையிலே தந்தையோ, தந்தையும் தந்தைவழிப் பாட்டனுமோ பிறந்தமையை நிறுவுதல் போன்ற நிபந்தனைகளை அச்சட்டம் விதித்தது. பிறப்புப் பதிவுகள் ஒழுங்காக இல்லாத தோட்டப்புறங்களிலே அவற்றை நிறுவுவது அரிது. 1949 இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் மற்றொரு வழியைத் திறந்தது. ஏறக்குறைய 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அதன்கீழ் விண்ணப்பித்தும், 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரளவினரே ஏற்கப்பட்டனர். அதே ஆண்டிலே தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரசைகளுக்கே வாக்குரிமை என்றாயிற்று. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலிலே தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதியாக ஒருவரேனும் தெரிவாகவில்லை.

சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29 ஆம் பிரிவு இத்தகைய நிலையை முன்னறிந்து விதிக்கப்பட்ட தடை என்றே பலரும் நம்பியிருந்தனர். ஒரு சமூகத்தார்மீது, ஏனைய சமூகத்தாருக்கு இல்லாத தடைகளை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்குதல் கூடாது. ஆக்கினால் அச்சட்டம் செல்லாது என்பது அப்பிரிவு. இந்நம்பிக்கையோடு கோடாக்கன் பிள்ளை என்பவர், ருவான்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்குமாறு கோரினார். பதிவு அலுவலர் மறுத்தார். மேல்விசாரணை செய்த திருத்தல் அலுவலர் சிவஞானசுந்தரம், சட்டங்கள் 29 ஆம் பிரிவுக்கு முரணானவை என்று கொண்டு கோடாக்கன் பிள்ளைக்குச் சார்பாகத் தீர்த்தார். 1951 இல் உயர் நீதிமன்று அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கு இலண்டன் சென்றது.

1953 இல் கோமறைக் கழகம் உயர் நீதிமன்றின் முடிவையே உறுதிப்படுத்தியது. பிறப்பு, வதிவு முதலியவற்றை அளவுகோலாகக் கொண்டு பிரசைகள் யாவர் என்று வரையறுப்பது எந்த நாட்டுச் சட்டமன்றுக்கும் இயல்பாக உரிய வேலை. இச்சட்டங்கள் மெய்யாகவே பிரசாவுரிமை பற்றியவை. ஆகவே 29 ஆம் பிரிவை மீறவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். நேராகச் செய்யமுடியாததைச் சட்டமன்று மறைமுகமாகவும் செய்யலாகாது என்ற விதியைக் கழகம் ஒப்புக்கொண்டது. ஆயினும், சட்டத்தின் சொற்களிலே ஒரு சமூகத்தின் பெயர் குறித்துத் தடை விதிக்கப்படாத நிலையில் அவ்விதி இவ்வழக்குக்குப் பயன்படவில்லை.

இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். 1937 இல், தேசாதிபதி சட்டத்தின் எல்லையைத் தாண்டினார், "எந்தச் சட்டத்தின்படி?" என்ற வினா அவரைத் தடுத்தது. 1953 இல், அதே வினாவுக்கு விடை ஆயத்தமாக இருந்தது. பாராளுமன்றம் முறைப்படி நிறைவேற்றிய சட்டமே விடை. பேசிய ஒருவரை விடுவித்த நீதிமுறை, கேட்ட இலட்சக்கணக்கானோரைக் காக்கவில்லை. நிருவாகத்தின் தான்தோன்றித்தனத்துக்கு எதிராகக் குடிமக்களுக்குச் சட்டம் கேடயமாகும். சட்டமே ஒரு பகுதியாரை வெளியே தள்ளுமாயின் அவர்களுக்கு இரண்டாவதொரு வினா தேவைப்படுகின்றது: "இத்தகைய சட்டத்தை ஆக்கலாமா?" அவ்வினாவை எழுப்பும் உரிமையும், அஞ்சாது விடை கூறும் நீதிமன்றும், தெளிவாக எழுதிய அரசியற்றிட்டமும் ஒருங்கே இருத்தல் வேண்டும்.

அந்த இரண்டாவது வினாவுக்கு இலங்கையிலே சாதகமான விடை கிடைத்ததும் உண்டு. 1962 சனவரியிலே அரசைக் கவிழ்க்கச் சதி செய்தனர் என்ற குற்றச்சாட்டிலே படைத்துறை, பொலீசு உயர் அலுவலர் பலர் கைதாயினர். அவர்களை விசாரிப்பதற்கென்றே அவ்வாண்டிற் பாராளுமன்றம் விசேட சட்டம் இயற்றியது. நடந்து முடிந்த செயல்களுக்கும் பின்னோக்கிப் பொருந்துமாறு சட்டம் மாற்றப்பட்டது. ஆகக் குறைந்த தண்டனை 10 ஆண்டுச் சிறை என விதிக்கப்பட்டது. விசாரிக்கும் நீதியரசர் மூவரைப் பெயர் குறிக்கும் அதிகாரமும் அமைச்சருக்கு அளிக்கப்பட்டது. அவ்வாறு பெயர் குறிக்கப்பட்ட நீதியரசர்கள் டி. எஸ். பெர்னாண்டோ, எல். பி. டி சில்வா, ஸ்ரீஸ்கந்தராஜா ஆகிய மூவரும், தங்களை நியமித்த முறையே அரசியற்றிட்டத்துக்கு முரணானது என்று கூறி விசாரணையிலிருந்து விலகினர். அமைச்சர் தெரிந்தெடுத்த ஆசனத்தில் அமர்ந்தவாறே அவ்வாசனம் செல்லாது என்று அவர்கள் தீர்த்தமை இலங்கை நீதித்துறை வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது.

சட்டம் திருத்தப்பட்டு விசாரணை தொடர்ந்தது. எதிரிகள் 24 பேருள் 11 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1965 டிசம்பரிலே கோமறைக் கழகம் அத்தீர்ப்பைத் தள்ளிப் பதினொருவரையும் விடுவித்தது. இலங்கையின் அரசியற்றிட்டம் நீதிவழங்கும் அதிகாரத்தை நீதிமன்றுகளுக்கே தனியாக ஒப்படைத்திருக்கின்றது. குறிப்பிட்ட சிலரைத் தண்டிப்பதையே நோக்கமாகக் கொண்டு சட்டமன்று இயற்றிய சட்டம் அவ்வதிகாரத்திலே கைவைத்தலாகும். ஆகவே செல்லாது என்று கழகம் கூறியது. பாராளுமன்றம் வல்லமையுடையதாயினும் நீதிபதியின் ஆசனத்திலே அது அமர முடியாது என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

அதன் பின்னர் அரசியற்றிட்டங்கள் மாறின. 1971 இற் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பிலே பழைய 29 ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அடிப்படை உரிமைகள் என்னும் அத்தியாயம் புதிதாக இடம்பெற்றது. 1978 ஆம் ஆண்டு யாப்பு, நிருவாகத்தால் அடிப்படை உரிமை மீறப்பட்டோர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றிலே விண்ணப்பிக்க வழி வகுத்தது. ஆட்கொணர்வு எழுத்தாணை வழங்கும் அதிகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றுக்கு உரியதாயிற்று. அதே யாப்பின்படி, சட்டமூலத்தை அது நிறைவேறுமுன்னரே உயர் நீதிமன்றிலே எதிர்க்கலாம். சட்டமாகிய பின்னர் அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றும் ஆராய முடியாது. முதலாவது வினாவுக்கு வாயில் அகலத் திறந்திருக்கின்றது. இரண்டாவது வினாவுக்கோ சிறிது காலமே திறந்து மூடும் வாயிலாக அமைந்திருக்கின்றது. ஆகையால் சட்டமூலங்கள் வெளியாகும்போதே அவற்றைப் படித்தறியும் விழிப்பு குடிமக்களுக்கு இன்றியமையாததாகின்றது.

நாடற்றவராய்ப் போன தோட்டத் தொழிலாளரின் நிலை நீதிமன்றினாலன்றி அரசியற் பேச்சினாலும் புதிய சட்டங்களினாலும் மெல்ல மெல்ல மாறியது. 1964 ஒக்டோபரிற் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, அவர்களுள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அத்தீர்மானங்களிலே அம்மக்களின் விருப்பம் முதலிடம் பெறவில்லை. 1986, 1988 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் பலருக்குப் பிரசாவுரிமை வழங்கின. 2003 இல் நிறைவேறிய சட்டத்துடனேயே எஞ்சியோருக்கும் வழி பிறந்தது.

பிறேஸ்கேடில் கட்டளை பெற்ற நாளுக்கும் விடுதலை பெற்ற நாளுக்கும் இடையே 26 நாட்களே கழிந்தன. அவருடைய பேச்சைக் கேட்ட தொழிலாளரின் சந்ததியாருக்கு, 1948 இல் இழந்ததை முற்றாக மீட்க 55 ஆண்டுகள் சென்றன. அக்காலத்துள் அவர்களிற் பலர் தாம் பிறந்த மலைநாட்டை விட்டுக் கப்பலேறிச் சென்றனர்; அவர்களை ஏற்றிய கப்பல்களின் முன்னே எந்த எழுத்தாணையும் நிற்கவில்லை. அரசியற்றிட்டமொன்றை மதிப்பிட விரும்புவோர் இவ்விரண்டு கால அளவுகளையும் ஒருசேர நினைவிற் கொள்ளுதல் நன்று.